பாங்காக்கில் நான்கு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

#1 கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் அம்மாவையும் மகனையும் பாங்காக் அழைத்துப்போக டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு 68 வயது. முட்டிவலி உண்டு, சுத்த சைவம், விமானம் ஏறுவது இதுதான் முதல் முறை. மகன் நான்காம் வகுப்பு. டிசம்பர் 25 விடியற்காலை சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி, 28 ஞாயிறு இரவு திரும்புகிறோம்.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. முதல் நாள் அரண்மனை, வாட் போ, வாட் அருண் (வாட் என்றால் பௌத்தக் கோயில்), இரவு சீனர் கடைவீதியான யாவராட். இரண்டாம் நாள் கடற்கரை ஊரான பட்டாயா போய் அங்கேயே தங்கல். மூன்றாம் நாள் அங்கிருந்து படகில் பவளத்தீவு, மாலையில் பாங்காக். நான்காம் நாள் பழைய தலைநகரான அயுத்தயாவும் மிதக்கும் சந்தையும், மிச்ச நேரத்தில் கடைவீதி, இரவு விமானம்.

இதைப் பார்த்த அலுவலக நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா தாங்குவார்களா?" அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊர் ஊராகப் போவது அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். எதை எடுத்துவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சீலோம்வாசி

பதினோரு ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்த உறவினர்களை எத்தனையோ முறை கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். பட்டாயா, பவளத்தீவு, அயுத்தயா, மிதக்கும் சந்தை நான்கையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பட்டாயா தென்கிழக்கே 150 கிலோமீட்டர், அயுத்தயா வடக்கே 80, பெரிய மிதக்கும் சந்தையான தம்னோன் சதுவாக் தென்மேற்கே ஏறத்தாழ 100. மூன்றும் மூன்று திசை. அம்மா பார்க்கப்போவது தாய்லாந்தை அல்ல, வேன் சன்னலை.

பாங்காக்கின் பழைய நகரம் சாவ் பிரயா ஆற்றின் கரையில் இருக்கிறது. முதலாம் ராமா 1782இல் தலைநகரை இங்கே மாற்றியபோது எழுந்த பகுதி அது. அரண்மனை, அதன் வளாகத்திலேயே மரகத புத்தர் கோயில், வாட் போ, எதிர்க்கரையில் வாட் அருண் எல்லாம் ஒரு நடைத் தொலைவில், அல்லது ஒரு படகுத் தொலைவில். இதற்கே இரண்டு காலைகள் வேண்டும்.

"காலைகள்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டிசம்பரை இங்கே குளிர்காலம் என்பார்கள், ஆனால் நண்பகலில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அரண்மனை முற்றம் முழுக்கத் தளக்கல், நிழல் குறைவு. தலைக்கு மேல் ஒரு வெயில், தரையிலிருந்து ஒரு வெயில். என் மாமியார் பதினொரு மணிக்கு அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு நான் யாரையும் எட்டரைக்கு முன்பே வாசலில் நிறுத்திவிடுகிறேன். எட்டரைக்குத் திறக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம், 120 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்கு இல்லை. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். அம்மா புடவையில் வந்தால் கவலையே இல்லை, நீங்களும் மகனும் முழுக்கால்சட்டை அணியுங்கள்.

பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுத்து, நான்கு மணிக்கு மறுபடி கிளம்புங்கள். ஒரு நாளைக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவ்வளவுதான்.

#3 பயணப்பை

சீலோம்வாசி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் பட்டாயாவை ஒரேயடியாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான்காம் வகுப்புப் பையனுக்கு மூன்று நாள் கோயில் கோயிலாகக் காட்டினால் எப்படி? என் இரண்டு பிள்ளைகளும் இன்றுவரை பேசுவது பவளத்தீவின் தண்ணீரைப் பற்றித்தான். காலடியில் மீன் நீந்துவது தெரியும். நாங்கள் போனது சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலம். வண்டி வாசலுக்கு வந்தது, மதியம் இந்தியச் சாப்பாடு, எனக்கு ஒரு தலைவலியும் இல்லை. முதல் முறை வெளிநாடு போகிறவருக்கு அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

#4 சீலோம்வாசி

பயணப்பை, ஆறு நாள் இருந்தால் நானே பட்டாயாவைச் சொல்லியிருப்பேன். நான்கு நாளில் வந்திறங்கும் நாள் பாதி, கிளம்பும் நாள் பாதி போய்விடும். இடையில் பெட்டியைக் கட்டி இன்னொரு ஊர், இன்னொரு விடுதி, வேகப்படகில் ஏறி இறங்குவது. படகு கரையை ஒட்டி நிற்காத இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். முட்டிவலிக்காரருக்கு அது வேண்டாம்.

பையனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. லும்பினி பூங்காவுக்கு அழைத்துப்போங்கள். ஏரிக்கரையில் ஆள் உயர நீர் உடும்புகள் சாவகாசமாகப் புல்லில் நடந்துபோகும். கிட்டே போகாமல், தீனி போடாமல் பார்த்தால் போதும். என் அண்ணன் மகன் இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. காசும் கிடையாது.

#5 அரிசிமாவு

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சைவ அம்மாவோடு போகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி, நானும் அப்படித்தான் போனேன்.

"வெஜிடேரியன்" என்று சொல்லி நம்பிவிடாதீர்கள். காய்கறி வறுவல் என்று தருவதில் மீன் சாறு இருக்கும். நாம் ரசத்துக்கு உப்புப் போடுவதுபோல அவர்கள் அதை ஊற்றுகிறார்கள், ஒளித்துவைப்பதில்லை. கேட்கவேண்டிய சொல் "ஜே". சீன பௌத்த விரத வழக்கம் அது. இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. நம் அம்மாக்களின் ஏகாதசிக்கு அடுத்த வீடு. மஞ்சள் பலகையில் சிவப்பாக, 17 என்று எழுதியதைப்போல ஓர் எழுத்து இருக்கும். மகனிடம் அதைக் காட்டி வையுங்கள். என் மகள்தான் எங்களுக்குக் கடை கண்டுபிடித்தாள். மற்ற கடைகளில் "மை ஸை நாம் ப்ளா" என்றால் மீன் சாறு வேண்டாம் என்று பொருள். தாய் எழுத்திலேயே கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது, ஏனென்றால் நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரிவதில்லை.

மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் அம்மாவுக்குக் கண்டிப்பாக வாங்கிக்கொடுங்கள். மேலே வறுத்த பயற்றம்பருப்பைத் தூவித் தருவார்கள், பல்லில் நறுக்கென்று கடிபடும். இட்லி, தோசைக்கு மனம் ஏங்கினால் சீலோம் பக்கமும் பாஹுரட் பக்கமும் இந்திய உணவகங்கள் உண்டு. முதல் நாள் மாலைக்கு ஊரிலிருந்தே கொஞ்சம் புளியோதரை எடுத்துப்போங்கள்.

#6 கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் நன்றி. பட்டாயாவை எடுத்துவிட்டேன், மிதக்கும் சந்தையையும். அயுத்தயாவை மட்டும் விட மனமில்லை. மரத்தின் வேருக்குள் புத்தர் தலை இருக்கும் படத்தைப் பள்ளிநாளில் பார்த்ததிலிருந்து ஆசை.

இன்னும் மூன்று சந்தேகம். எங்கே தங்குவது? விசா, நுழைவு அட்டை எப்படி? பணம் எப்படி எடுத்துப்போவது?

#7 நீர்வழி

தங்குமிடத்தை நான் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது வேலை நிமித்தம் போகிறவன்.

சீலோம் பகுதியிலோ சபான் தாக்சின் பக்கத்திலோ அறை எடுங்கள். சபான் தாக்சினில் பி.டி.எஸ். மேம்பால ரயிலிலிருந்து இறங்கினால் அடியிலேயே படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய விரைவுப் படகு நான் போனபோது எவ்வளவு தூரமானாலும் 16 பாட். பக்கத்திலேயே சுற்றுலாப் படகுக்கு அழைப்பார்கள், அது இதைவிடப் பல மடங்கு. கொடியின் நிறத்தைப் பார்த்து ஏறுங்கள். தா தியன் துறையில் இறங்கினால் வாட் போ, அங்கிருந்து 5 பாட்டுக்குக் குறுக்குப் படகு ஏறினால் வாட் அருண்.

ஆற்றுப்படகில் கூட்டம் நெரியும் நேரத்தில் அம்மாவை ஏற்றவேண்டாம். அதற்கு எம்.ஆர்.டி. சுரங்க ரயில் இருக்கிறது. நீலத் தடத்தில் சீலோம் நிலையத்திலிருந்து ஐந்தாவது நிறுத்தம் சனாம் சாய், வாட் போவுக்கு மிகப் பக்கம். நடுவில் ஹுவா லம்போங், வாட் மங்கோன், சாம் யோட். நீங்கள் பார்க்க நினைக்கும் பழைய நகரம் முழுவதும் இந்த ஒரு தடத்தில் அடங்கிவிடும். சனாம் சாய் நிலையத்தையே அரண்மனை மண்டபம்போலத் தூணும் பொன்வேலையுமாகக் கட்டியிருக்கிறார்கள். எம்.ஆர்.டி.யில் நம் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைத் தொட்டே உள்ளே போகலாம். பி.டி.எஸ்.க்கு நான் போனபோது தனி டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. எந்த வாசல் என்று முதலிலேயே பார்த்துக்கொண்டால் அம்மாவுக்கு நாற்பது படி மிச்சம்.

நீங்கள் கேட்காத ஒன்று: சான் சேப் கால்வாய்ப் படகு. பொன்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில் பான்ஃபா துறையில் கிளம்புகிறது. நடத்துநர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளிவிளிம்பில் நடந்தபடியே காசு வாங்குவார். எதிர்ப்படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுப்பார், நீலப் பிளாஸ்டிக் திரை சரசரவென்று மேலேறும், அலைநீர் அதில் அடித்து வழியும். உங்கள் மகன் அந்தக் கயிற்றுப் பக்கம் உட்காரட்டும். அம்மா நடு இருக்கையில். படகு நிற்கும் நேரம் மிகக் குறைவு, ஆகவே ஏறி இறங்க ஒருவர் கை கொடுக்க வேண்டும்.

#8 பயணப்பை

நுழைவு பற்றி: இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் விசா இல்லாமல் 30 நாள் என்று தொடங்கி, 2024 ஜூலையில் 60 நாள் ஆக்கினார்கள். இது மாறக்கூடியது, கிளம்பும் முன் தூதரகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல் மின்னணு வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மூவருக்கும் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

பணத்தை விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றுங்கள். ஊருக்குள் இருக்கும் மாற்றுக் கடைகளில் விகிதம் நன்றாக இருக்கும். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிறார்கள். சிறுகச் சிறுக எடுத்தால் நட்டம்.

எனக்கு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாக் குழுவோடு போனேன் என்றேனே, கடைசி நாள் மட்டும் நாங்களே அரண்மனைக்குப் போனோம். வாசலுக்கு இருநூறு அடி முன்னால், நன்றாக உடுத்திய ஒருவர் கைகூப்பி வணங்கி, "இன்று மதியம் வரை அரண்மனை மூடல், பூஜை நடக்கிறது. அதுவரை இந்த டுக் டுக் ஆட்டோவில் மூன்று கோயில் பாருங்கள், 20 பாட் போதும்" என்றார். மரியாதையான மனிதர், நம்பினோம். இரண்டாவது கோயிலுக்குப் பிறகு வண்டி நின்ற இடம் ஒரு நகைக்கல் கடை. வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. என் மனைவி ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கினார். சென்னையில் காட்டியபோது கண்ணாடி என்றார்கள். அரண்மனை அன்று காலை முழுவதும் திறந்துதான் இருந்தது. தெருவில் யார் மூடல் என்றாலும் வாசல்வரை போய்க் கண்ணால் பாருங்கள். இதைச் சொல்லத்தான் இந்த இழைக்குள்ளேயே வந்தேன்.

#9 மார்கழிநீராடி

ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தங்கள் பயணம் டிசம்பர் 25 என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அது மார்கழி. தங்கள் அம்மா பாவைப் பாட்டுப் பாடுகிறவர் என்றால், இந்தத் திட்டத்தில் இன்னும் சேராத ஓர் இடத்துக்கு அவரை அழைத்துப்போக வேண்டும்.

பழைய நகரத்தின் நடுவில், வாட் சுதாட் கோயிலுக்கு முன்னால், இரண்டு பிரம்மாண்டமான செந்நிறத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. சாவ் சிங் சா, பெரிய ஊஞ்சல் என்பார்கள். 1784இல் முதலாம் ராமா காலத்தில் நிறுவியது. பழைய மரம் உளுத்துப்போனதால் 2007இல் புதுத் தேக்கில் மாற்றினார்கள். முன்பு இளைஞர்கள் அதில் வானளாவ ஆடி, உயரத்தில் கட்டிய பொற்காசு முடிச்சைப் பல்லால் கவ்வுவார்களாம். விபத்துகளுக்குப் பிறகு ஆட்டம் 1935இல் நின்றது. பலகை இப்போது இல்லை, தூண்கள் மட்டும்தான்.

அந்த ஊஞ்சல் விழாவின் பெயர் திரியம்பாவை, திரிபாவை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! மாணிக்கவாசகரும் ஆண்டாளும் பாடியவை கடல் தாண்டிப் போய் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) அரசவைச் சடங்கில் நிலைத்துவிட்டன. சிவபெருமான் ஆண்டுக்கொரு முறை பூமிக்கு இறங்கி வருவதாக நம்பி அவரை வரவேற்கும் சடங்கு அது. ஊஞ்சல் நின்றாலும் சடங்கு நிற்கவில்லை. அருகில் தேவஸ்தான் என்னும் அந்தணர் கோயில் இருக்கிறது. தாய் நாட்காட்டியின் இரண்டாம் சந்திர மாதத்தில் அரசவை அந்தணர்கள் அங்கே பாவைப் பாடல்களை ஓதுகிறார்கள். உச்சரிப்பு அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது, பொருளும் மறைந்துவிட்டது. ஆனாலும் ஓதுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் வகுப்பில் திருவெம்பாவை நடத்தியவள் நான். அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்தபோது என்னால் பேச முடியவில்லை.

நீர்வழி தங்கச் சொன்ன சீலோம் பகுதியில், சீலோம் சாலையிலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள், கையில் சாமந்தி மாலையும் தேங்காயுமாக. அங்கே உள்ளே படம் எடுக்கக்கூடாது.

#10 சீலோம்வாசி

அம்மா, பதினோரு ஆண்டுகளாக அந்த ஊஞ்சலைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறேன். பெயரைக் காதால் கேட்டும் இதை யோசித்ததில்லை. இந்த வாரமே போகிறேன். சாம் யோட் நிலையத்திலிருந்து நடக்கலாம், பெரியவர்களுக்கு டாக்சி.

கொள்ளிடக்கரை, உங்கள் அயுத்தயா ஆசைக்கு ஒரு வார்த்தை. 1767இல் பர்மியப் படை எரித்த நகரம் அது, பரந்து கிடக்கும் செங்கல் இடிபாடுகள். நடை அதிகம், நிழல் இல்லை. அதற்கென்று ஒரு முழு நாளும் நல்ல முட்டியும் வேண்டும். அதை உங்கள் அடுத்த பயணத்துக்கு வையுங்கள். அந்த நாளை ஊஞ்சலுக்குக் கொடுங்கள்.

#11 கொள்ளிடக்கரை

படித்துவிட்டு அம்மாவிடம் ஊஞ்சலைப் பற்றிச் சொன்னேன். "அங்கேயுமா பாடுகிறார்கள்?" என்று மூன்று முறை கேட்டார். அயுத்தயாவை எடுத்துவிட்டேன், வருத்தமில்லாமல்.

புதுத் திட்டம். 25: காலை ஓய்வு, மாலை லும்பினி, பிறகு மாரியம்மன் கோயில். 26: எட்டரைக்கு அரண்மனை, மாலையில் வாட் போ, இருட்டும் முன் வாட் அருண். 27: காலை ஊஞ்சல், தேவஸ்தான், வாட் சுதாட், திரும்பும்போது கால்வாய்ப் படகு. 28: வாட் டிரைமிட்டின் தங்க புத்தர், வார இறுதி என்பதால் சதுசக் சந்தை.

#12 நீர்வழி

நல்ல திட்டம். இரண்டு திருத்தம். விடியற்காலை இறங்கினால் அறை இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். அம்மா வரவேற்பறை நாற்காலியில் ஏழு மணி நேரம் உட்கார வேண்டாம், முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் மிக நல்ல செலவு அதுவாகத்தான் இருக்கும். அடுத்தது, வாட் அருண் படிகள் செங்குத்து. அம்மா கீழேயே நின்று கோபுரத்தில் பதித்த சீனப் பீங்கான் பூக்களைப் பார்க்கட்டும். தொட்டுப் பார்க்கும் உயரத்திலேயே இருக்கின்றன.

தங்க புத்தர் கதையை மகனுக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஐந்தரை டன் பொன். அதன்மேல் சுதை பூசி மறைத்திருந்தார்கள். 1955இல் இடம் மாற்றத் தூக்கியபோது விழுந்து, சுதை பெயர்ந்து, உள்ளே பொன் தெரிந்தது.

#13 கொள்ளிடக்கரை

திரும்பி ஒரு வாரம் ஆகிறது. சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவனாவேன்.

விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. புறப்பாட்டுப் பகுதியில் பாற்கடல் கடையும் பெரிய சிற்பம், ஒரு பக்கம் தேவர்கள், மறுபக்கம் அசுரர்கள். திரும்பும் நாளில் அம்மா அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார், முட்டி வலிக்கிறது என்று ஒரு முறையும் சொல்லவில்லை. முன்னிரவுக்கும் சேர்த்து எடுத்த அறை தெய்வ வாக்கு, நீர்வழி.

அரண்மனையில் எட்டரைக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. மரகத புத்தர் குளிர்கால உடையில், பொன் வலை போர்த்தி இருந்தார். பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே உடை மாற்றுவார் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு ஸ்ரீரங்கம் நினைவு வந்துவிட்டது. சுற்றுப் பிராகாரச் சுவர் முழுவதும் தாய்லாந்து ராமாயணமான ராமகியன் ஓவியங்கள், 178 பகுதிகள். ராவணன் அங்கே தோட்சகான், தசகண்டன்தான். அவனுக்கு ஒரு மீன்கன்னி மகள், அவள்மேல் அனுமனுக்குக் காதல், ஒரு பிள்ளையும் உண்டு என்று படித்துக் காட்டினேன். அம்மா முதலில் முகம் சுளித்தார். பிறகு, "அவர்கள் ஊர் ராமாயணம், அவர்கள் சொல்கிறபடி சொல்லட்டும்" என்றார். தெருவில் ஒருவர் "மூடல்" என்றார், பயணப்பை. மகன்தான் என் கையைப் பிடித்து இழுத்தான்.

வாட் போவில் 46 மீட்டர் சயன புத்தருக்குப் பின்பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு. அந்த நீண்ட கூடத்தில் கிணுங் கிணுங்கென்று ஓயாத ஓசை. மகன் கடைசிக் கிண்ணத்துக்குக் காசு போதாமல் நிற்க, பக்கத்தில் வந்த பாட்டி தன் கையிலிருந்து ஒன்றைக் கொடுத்தார்.

சதுசக் போகவில்லை. 28 காலை, வேறெங்கும் வேண்டாம், மறுபடி தேவஸ்தான் போகலாம் என்றார் அம்மா.

முந்தைய நாள் போனபோது மூன்று சன்னிதிகளையும் தொழுதோம்: சிவன், பிள்ளையார், பெருமாள். இரண்டாம் முறை சிவன் சன்னிதியில் ஆளே இல்லை. அம்மா தரையில் மெல்ல உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, திருவெம்பாவை முதல் பாட்டைத் தாழ்ந்த குரலில் தொடங்கினார். ஐந்தாறு பாட்டு ஆகியிருக்கும். வெள்ளை உடையும் கொண்டையுமாக ஓர் அந்தணர் வாசலில் வந்து நின்றார். நாங்கள் பதறி எழப்போனோம். அவர் கையமர்த்திவிட்டு அங்கேயே நின்றார், இருபது பாட்டும் முடியும்வரை. மொழி இல்லாததால் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. கைகூப்பினார், அம்மாவும் கைகூப்பினார்.

சீலோம்வாசி, உங்களிடம் ஓர் உதவி. அடுத்த திரியம்பாவை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று தேவஸ்தானில் கேட்டுச் சொல்ல முடியுமா? அம்மா கேட்கச் சொன்னார். பாஸ்போர்ட்டை அவரே எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.